தீ பிடிப்பதற்கு முன்பே பொம்பாவைக் கூப்பிடலாம்

எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் திடலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நடுவில் ஒரு கேஸ் அடுப்பு, அதன்மேல் கரிபிடித்த பழைய வாணலி, அதில் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய். கனத்த அங்கியும் ஹெல்மெட்டும் போட்ட ஒரு தீயணைப்பு வீரர் அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டு எண்ணெய் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் புகை வந்தது. புகை கருத்தது. அப்புறம் யாரும் நெருப்பு வைக்காமலே எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டது. எல்லாரையும் நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளக் கம்பின் நுனியில் கட்டியிருந்த டின் குவளையில் தண்ணீர் மொண்டு அதில் சாய்த்தார்.

ஒரே குவளைதான். நெருப்பு பந்தாக எழும்பி, பக்கத்துக் கொட்டகையின் கூரைக்கும் மேலே போனது. பிள்ளைகள் அலறினார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நான் இத்தன வருஷமா தண்ணிதான் ஊத்தணும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். ஐம்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறவர் அவர். இதை யாரும் அவருக்கு ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

காரணம் எளிதுதான். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காய்ந்த எண்ணெயின் சூடு 350 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதற்குள் இறங்கிய தண்ணீர் கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடம் கேட்கும். அவ்வளவு ஆவியும் ஒரே நொடியில் வெளியேறும்போது எரிகிற எண்ணெயையும் சேர்த்துத் தூக்கி வீசுகிறது. வீரர் மறுபடி எண்ணெயைப் பற்றவைத்தார். இந்த முறை ஒரு மூடியை எடுத்து, கேடயம்போல முன்னால் பிடித்தபடி, தன் பக்கத்து விளிம்பிலிருந்து அப்படியே தள்ளி மூடினார். அடுப்பை அடைத்தார். நெருப்பு செத்தது. மூடியை உடனே திறக்கவில்லை. சூடு இறங்கும் முன் திறந்தால், காற்றுப் பட்டதும் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

இதைச் செய்து காட்ட வந்தவர்கள் நம் வட்டாரத் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள். அன்று எங்கள் தோட்டத்தில் எங்கேயும் தீ பிடிக்கவில்லை. நாங்கள் ஒரு கடிதம் எழுதிக் கூப்பிட்டோம், வந்தார்கள். இந்த வசதி இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இதை எழுதுகிறேன். பொம்பா என்று நாம் சொல்லும் மலேசியத் தீயணைப்புத் துறை என்பது என்ன, அவர்களிடம் என்னென்ன கேட்கலாம், எப்படிக் கேட்பது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

நாம் 'பொம்பா' என்று கூப்பிடும் பெயர் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து மலாய்க்கு வந்தது. போர்த்துகீசிய மொழியில் அதற்குப் பொருள் பம்ப், தண்ணீர் இறைக்கும் கருவி. இந்த நாட்டில் அமைப்பாகத் திரண்ட தீயணைப்புப் படை 1883-ல் சிலாங்கூரில், எச். எஃப். பெல்லமி என்பவர் தலைமையில் தொண்டர்களைக் கொண்டே தொடங்கியது. பின்னர் மாநிலங்களின் கையில் இருந்த இந்தச் சேவையை 1976-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1988-ல் தீயணைப்புச் சேவைச் சட்டம், அதாவது 341-ஆவது சட்டம், வந்தது. 1997-ல் துறையின் பெயரோடு 'மீட்பு' என்ற சொல்லும் சேர்ந்தது. இன்று அதன் முழுப்பெயர் மலேசியத் தீயணைப்பு, மீட்புத் துறை. அந்தச் சட்டத்தில் தீயை அணைப்பது ஒரு வேலை மட்டும்தான். தீயைத் தடுப்பது, உயிரையும் உடைமையையும் காப்பது, தீ விபத்தில் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பது, ஆபத்துகளில் மனிதாபிமான உதவி செய்வது எல்லாமே அவர்களுடைய கடமைகள். ஆக, நாம் ஒரு விளக்க நிகழ்ச்சி கேட்பது அவர்களுடைய வழக்கமான வேலைகளில் ஒன்றைத்தான்.

சரி, தீ பிடித்தால் வண்டி வரப்போகிறது, அதற்கு முன்பே ஏன் கூப்பிட வேண்டும்? இதற்குப் பதில் தெரிய ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

நான் இருப்பது பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம். ஈப்போவுக்கு வடக்கே, சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. எங்களைப் போன்ற ஊர்களில் தீயணைப்பு நிலையம் பட்டணத்தில் இருக்கும். தோட்டமோ பட்டணத்திலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் உள்ளே. தார் ரோடு முடிந்து செம்மண் ரோடு. நடுவில் ஒரு சின்னப் பாலம். குலை திருட்டுக்குப் பயந்து இரவில் சங்கிலி போட்டுப் பூட்டிய கேட். மணி அடித்த மறுநிமிடமே வண்டி கிளம்பினாலும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலுக்கு வந்து சேர இருபது, முப்பது நிமிடம் ஆகிவிடும். அதில் அவர்களுடைய குறை எதுவும் இல்லை. தூரம் அப்படி.

இப்போது தீயின் கணக்கு. மரச்சாமானும் பஞ்சுத் தலையணையும் இருந்த பழைய காலத்து அறையில் தீ முழுசாகப் பரவ அரை மணி நேரம்கூட ஆகும். இன்றைய வீட்டில் இருப்பது ஃபோம் மெத்தை, ரெக்ஸின் சோபா, நைலான் திரை, பிளாஸ்டிக் அலமாரி. இவையெல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள்கள். சோபாவின் ஒரு மூலையில் பிடிக்கும் தீ நாலைந்து நிமிடத்தில் அறையை விழுங்கிவிடும். சூடான புகை மேலே போய்க் கூரைக்கு அடியில் தேங்கி நிற்கும். அதன் சூடு 500, 600 டிகிரியைத் தொட்டதும், தீ இன்னும் எட்டாத மேசையும் துணியும்கூட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதற்கு அப்புறம் அந்த அறையில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. பழைய லயங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலகைச் சுவர் கூரைவரை போகாது, பத்து வீட்டுக்கும் மேலே ஒரே பொந்து. ஒரு வீட்டுப் புகையும் தீயும் அந்தப் பொந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஆக, தீயின் முதல் ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் இருக்கப்போவது நாம் மட்டும்தான். வண்டி இருபதாவது நிமிடத்தில்தான் வரும். இடையில் இருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதை நமக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் பொம்பா தீ இல்லாத நாளிலும் வருகிறது. நான் புரிந்துகொண்டவரையில், பட்டணத்தாரைவிடத் தோட்டத்தாருக்குத்தான் இது அதிகம் தேவை. ஆனால் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பட்டணத்துப் பள்ளிகளும் தொழிற்சாலைகளும்தான்.

அவர்கள் வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் தயங்குகிறார்கள். மேடை, நீண்ட பேச்சு எதுவும் இல்லை. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் அரை மணி நேரம் பேச்சு, மலாயில். எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். அப்புறம் எண்ணெய்ச் சட்டி. அதற்கு அப்புறம் கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர்.

கேஸைப் பற்றி அவர்கள் சொன்னதை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாம் வாங்கும் 12, 14 கிலோ தோம்பில் இருக்கும் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து, மூலையிலும் அலமாரிக்கு அடியிலும் சாக்கடையிலும் தேங்கும். அதற்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு நமக்குத் தெரிய வேண்டும் என்றே அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். நாற்றம் வந்தால் நம் கை முதலில் போவது சுவிட்சுக்கு, விளக்கைப் போட்டுப் பார்க்க. அதுதான் ஆபத்து. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சின்னப் பொறி விழும். விளக்கு, விசிறி எதையும் தொடாமல் ரெகுலேட்டரை அடைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, தரையில் தேங்கியது வெளியே போகும்படி துடைப்பத்தால் வாசலை நோக்கிக் கூட்டித் தள்ளலாம் என்றார்கள். ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கும் குழாயையும் ரெகுலேட்டரையும் மட்டும் வாங்குங்கள் என்றார்கள். எங்கள் வரிசையில் அன்று மாலையே மூன்று வீட்டில் குழாய் மாறியது.

அப்புறம் தீயணைப்புக் கருவி. சிவப்புச் சிலிண்டர். கடைகளில், கோயில் மண்டபத்தில் தொங்குவதைப் பார்த்திருப்போம், கையில் எடுத்திருக்க மாட்டோம். வீட்டுக்கு ஏபிசி வகை உலர்பொடி போதும். துணி, மரம், பெட்ரோல், மின்சாரத் தீ எல்லாவற்றுக்கும் ஆகும். பின்னை இழுத்துவிட்டு, குழாயைத் தீயின் தலைக்கு அல்லாமல் அடிக்குக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடம் வலமாக வீச வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். கையில் பிடித்தால்தான் தெரியும், அந்தப் பின் எவ்வளவு இறுக்கம், பொடி எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று. இரண்டு கிலோ கருவி பத்து நொடி அளவுதான் வரும். எங்களில் பாதிப்பேர் முதல் ஐந்து நொடியைத் தீச்சுடரைப் பார்த்து வீசியே வீணாக்கினோம். முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கும்படி நில்லுங்கள், கருவி தீர்ந்தும் தீ அணையவில்லையென்றால் போட்டுவிட்டு வெளியே ஓடுங்கள் என்று அந்த வீரர் திரும்பத் திரும்பச் சொன்னார். வாங்கும்போது அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வருடம் ஒருமுறை சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு அன்று மிகவும் பிடித்தது ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தது. என் மனதில் நிற்பது வேறொன்று. ஒரு வீரர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, தன் கவசத்தை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். அங்கி, சிலிண்டர், கடைசியில் முகமூடி. முகமூடிக்குள்ளிருந்து மூச்சு புஸ், புஸ் என்று வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் அழுதேவிட்டாள். அவர் முகமூடியைக் கழற்றிச் சிரித்தார், மறுபடி போட்டார், அவளுடைய கையைப் பிடித்து அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் இதை விளையாட்டுக்குச் செய்யவில்லை. எரியும் வீட்டில் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வார்கள். புகைக்குள்ளிருந்து இப்படி ஓர் உருவம் வந்தால் இன்னும் உள்ளே நகர்வார்கள், கூப்பிட்டால் குரல் கொடுக்க மாட்டார்கள். முகமூடிக்குள் இருப்பவர் மாமாதான் என்று ஒருமுறை பார்த்த பிள்ளை கையை நீட்டும். அந்தக் காலையில் நாங்கள் பெற்றதில் பெரிய உதவி இதுவென்றே நினைக்கிறேன்.

அவர்கள் வீட்டுக்குள் வந்தும் பார்ப்பார்கள். எங்கள் வரிசையில் நாலைந்து வீடுகளைக் காட்டினோம். பூசை அறை விளக்குக்கு மேலே திரைத்துணி, ஒரே பிளக்கில் குளிர்பெட்டி, ரைஸ் குக்கர், இரண்டு கைப்பேசி, இப்படிப் பலவற்றைச் சுட்டிக் காட்டினார்கள். மிகவும் கவலையாகப் பார்த்தது ஜன்னல் கம்பியையும் இரும்புக் கேட்டையும்தான். திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கிரில் அடித்துவிட்டோம். சாவி எங்கே என்று கேட்டால், "அவர் பேன்ட் பாக்கெட்டுல" என்று ஒரு வீட்டில் பதில் வந்தது. 2017 செப்டம்பர் 14 அதிகாலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். கம்பி போட்ட ஜன்னல்கள் வழியாக அவர்களால் வெளியே வர முடியவில்லை. அதை ஒரு வீரர் சொன்னபோது களத்தில் சத்தமே இல்லை. ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். சாவி அதன் பக்கத்திலேயே, வெளியிலிருந்து கை எட்டாத, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்க வேண்டும். புகை வந்தால் குனிந்து, தரையோடு தவழ்ந்து போக வேண்டும். தீ விபத்தில் பெரும்பாலானோரைக் கொல்வது சூடு அல்ல, புகைதான்.

இனி, ஆபத்து வேளையில் கூப்பிடுவது. எண் 999 என்று எல்லாருக்கும் தெரியும். முன்பு பொம்பாவுக்கு 994 என்று தனி எண் இருந்தது, இப்போது எல்லாம் 999-க்குள் வந்துவிட்டது. கைப்பேசியில் 112 அடித்தாலும் அதே இடத்துக்குத்தான் போகும். அங்கே எடுப்பவர் பொம்பா நிலையத்தில் இருப்பவர் இல்லை. அவர் ஓர் அழைப்பு மையத்தில் இருக்கிறார், நம் ஊரைப் பார்த்திருக்கவே மாட்டார். போலீஸா, பொம்பாவா, ஆம்புலன்ஸா என்று கேட்டு, அந்தந்தத் துறைக்கு அனுப்புவார். பொம்பாவென்றால் மாநில நடவடிக்கை அறைக்குப் போய், அங்கிருந்து பக்கத்து நிலையத்துக்கு மணி அடிக்கும்.

தோட்டத்துக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். நமக்கு நம் இடத்தின் பெயர் 'கோயில் லயம்', 'மேட்டு லயம்', 'பழைய ஸ்டோர்'. தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. நிறுவனம் கைமாறியதும் பெயர்ப்பலகை மாறியது. வரைபடத்தில் வேறொரு பெயர். பதற்றத்தில் நம் வாயில் வருவது நமக்குள் புழங்கும் பெயர்தான். அது அந்த முனையில் இருப்பவருக்கு ஒன்றும் சொல்லாது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் சில வருடத்துக்கு முன் ஒரு சமையல் கட்டு எரிந்தபோது, வண்டி அதே நிறுவனத்தின் இன்னொரு டிவிஷனுக்குப் போய்விட்டது. டிவிஷன் எண்ணைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தீயை அக்கம்பக்கத்தார் வாளித் தண்ணீரிலேயே அணைத்துவிட்டார்கள், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் ஒரு தாளில் இப்படி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்: தோட்டத்தின் பதிவான பெயர், டிவிஷன் எண், மெயின் ரோட்டின் பெயர், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் உள்ளே திரும்ப வேண்டும், திருப்பத்தில் என்ன அடையாளம், உங்கள் கைப்பேசி எண். மலாய் சரளமாக வராத பெரியவர்கள் இருக்கும் வீடென்றால், "பொம்பா. ரூமா தெர்பாகார். லாடாங்..." (பொம்பா, வீடு எரிகிறது, தோட்டம்...) என்று தொடங்கித் தமிழ் எழுத்திலேயே முழு வாசகத்தையும் எழுதிவிடலாம். என் பெரியம்மா வீட்டில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறோம். போனை முதலில் நீங்கள் வைக்காதீர்கள், அவர்கள் கேட்டு முடிக்கட்டும். யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருப்பத்துக்குப் போய் நிற்கட்டும். இரவில் கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்பது காவலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி கொண்டுவருவது அளவான தண்ணீர்தான். பெரிய ஹோஸைத் திறந்துவிட்டால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பட்டணத்தில் சாலையோரச் சிவப்புக் குழாயில், 'பிலி பொம்பா' என்பதில், பூட்டிக்கொள்வார்கள். அதன் முன்னால் காரை நிறுத்துவது, புதர் மண்ட விடுவது, மூடி மறைப்பது எல்லாம் தீ வரும் நாளில் யாரோ ஒருவருடைய வீட்டை எரிய விடுவதுதான். தோட்டத்தில் பல இடத்தில் அந்தக் குழாயே இருக்காது. குளம், ஆறு, தொட்டி எங்கே இருக்கிறது, வண்டி அதன் கரைவரை போகுமா, பத்து டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியை அந்தச் சின்னப் பாலம் தாங்குமா என்று அவர்கள் முன்கூட்டியே வந்து பார்த்துவைத்துக்கொள்வது பெரிய காரியம். நிகழ்ச்சிக்கு வந்த அன்றே எங்கள் குளத்தையும் பாலத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

தீயே இல்லாத அழைப்புகளும் நிறைய. வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரம் ஒன்று. நேராக நிலையத்துக்கே போகலாம். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குப் பிரசவத்துக்கு முன் கை வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. நிலையத்து மேசையில் கையை வைத்து, விரலுக்கும் மோதிரத்துக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, பொம்மைக்கான ரம்பம்போல இருந்த ஒரு சின்ன வட்ட ரம்பத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார்கள். சூடேறாமல் இருக்க நடுநடுவே சொட்டு நீர். கால் மணி நேரத்தில் முடிந்தது. காசு வாங்கவில்லை. காருக்குள் பூட்டிக்கொண்ட குழந்தை, சாக்கடைப் பொந்தில் விழுந்தவர், விபத்தில் நசுங்கிய வண்டிக்குள் சிக்கியவர், சாலையில் சாய்ந்த மரம், வெள்ளத்தில் படகு என்று பட்டியல் நீளும். வெள்ளம் வடிந்த பிறகு பள்ளியையும் வழிபாட்டுத் தலங்களையும் சேறு போகக் கழுவிவிடவும் வருகிறார்கள்.

பாம்பும் குளவிக்கூடும் தோட்டத்தில் அன்றாடம். செம்பனைக் காட்டில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். இந்த அழைப்புகளைப் பல இடங்களில் பொதுத் தற்காப்புப் படை கவனிக்கிறது, பொம்பாவும் போகிறது. நமக்கு எண் ஒன்றுதான், 999. தயவுசெய்து நீங்களே கம்பெடுத்துக்கொண்டு போகாதீர்கள், குளவிக்கூட்டுக்குப் பந்தம் காட்டாதீர்கள். பழகியவருக்கே இது உயிராபத்து. பாம்புகளைக் கையாள்வதில் நாடறிந்த தீயணைப்பு வீரர் அபு சரின் உசேன் 2018 மார்ச்சில் பகாங்கில் பாம்பு கடித்துத்தான் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, பூச்சோங்கில் ஈயக்குட்டையில், ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டையில், விழுந்த ஓர் இளைஞனைத் தேடி இறங்கிய ஆறு வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். எங்களுக்குப் பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க அப்படிப்பட்ட குட்டைகள். விடுமுறையில் பிள்ளைகள் அங்கே குளிக்கப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆறு பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

தீ அணைந்த பிறகும் நிலையத்தில் நமக்கு வேலை இருக்கிறது. வீடு எரிந்தவர் போலீஸில் லாப்போரான் (புகார்) செய்வதோடு, பொம்பாவிடம் தீச்சம்பவ அறிக்கையும் கேட்டு வாங்க வேண்டும். காப்புறுதிக்கு அது கட்டாயம் தேவைப்படும். எரிந்துபோன அடையாள அட்டை, பிறப்புப் பத்திரத்தைத் தேசியப் பதிவிலாகாவில் மறுபடி எடுக்கவும், உதவி கேட்கவும் இந்தத் தாள்கள் கைகொடுக்கும். அறிக்கைக்குக் கட்டணம் உண்டா, எத்தனை நாள் ஆகும் என்று நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்வம் இருப்பவர்கள் உள்ளேயும் சேரலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சீருடை இயக்கமாகப் பொம்பா கேடட் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தன்னார்வப் படை, 'பொம்பா சுக்கரேலா'. நிலையம் எட்டாத தூரத்தில் இருக்கும் குடியிருப்புகளுக்குச் சமூகத் தீயணைப்புக் குழு என்று ஒன்று உண்டு. ஊராரையே தேர்ந்து அடிப்படைப் பயிற்சி கொடுத்து, வண்டி வரும்வரை தீயைக் கட்டுப்படுத்தத் தயார் செய்கிறார்கள். 1883-ல் இந்தப் படை தொடங்கியதே தொண்டர்களை வைத்துத்தானே. தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. எங்கள் இளைஞர்கள் ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கால்பந்து விளையாடும் நேரத்தில் பாதியை இதற்குத் தருகிறோம் என்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கூப்பிடுவது எப்படி? ஒரு பக்கக் கடிதம் போதும், மலாயில். நிலையத் தலைவருக்கு முகவரியிட்டு, நீங்கள் யார், எந்த இடம், எத்தனை பேர் வருவார்கள், அதில் பிள்ளைகள் எத்தனை, எந்தத் தேதி (இன்னொரு தேதியும் கூடவே கொடுங்கள்), பேச்சு மட்டும் போதுமா செய்முறையும் வேண்டுமா என்று எழுதுங்கள். கோயில் நிர்வாகமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, குடியிருப்பாளர் சங்கமோ கையெழுத்துப் போட்டால் நல்லது. தோட்ட நிர்வாகத்திடமும் முன்பே சொல்லிவையுங்கள், நிலம் அவர்களுடையது. நாங்கள் ஒரு மாதம் முன்னால் கொடுத்தோம். எங்களிடம் ஒரு காசும் கேட்கவில்லை. தேநீரும் வடையும் கொடுத்தோம். அன்றைக்கு எங்கேயாவது மணி அடித்தால் நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுப் போய்விடுவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். நியாயம்தான்.

கடிதத்தோடு நாங்கள் ஒரு வரைபடமும் இணைத்தோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வண்ணப் பென்சிலில் வரைந்தது. மெயின் ரோட்டுத் திருப்பத்தில் அரசமரம், எடைமேடை, பாலம், கேட், அதற்குள் எங்கள் மூன்று வரிசை லயம், பின்னால் குளம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாங்கள் கூப்பிடும் பெயரும், அதற்கு அடியில் பதிவான பெயரும். நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் நன்றிக் கடிதம் கொடுக்க நிலையத்துக்குப் போயிருந்தேன். தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டியிருந்தார்கள். பாலத்தின் மேல் சிவப்பு மையில் யாரோ புதிதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: 'சிறிய வண்டி மட்டும்'.